ஹக்கீம் ஒலாஜுவன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் கூடைப்பந்து லீக்கான என்பிஏ-வின் 1990களைப் பற்றிப் பேச்சு எடுத்தால் அது மைக்கேல் ஜோர்டனில் தொடங்கி ஜோர்டனிலேயே முடிந்துவிடும். நடுவில் 1994, 1995 என்று இரண்டு ஆண்டுகள் கோப்பை ஹக்கீம் ஒலாஜுவன் ஆடிய ஹூஸ்டன் ராக்கெட்ஸிடம் போனதே, அது எப்படி என்று கேட்பவர்கள் குறைவு. கேட்பவர்களுக்கும் பெரும்பாலும் "அப்போ ஜோர்டன் ஆடலியே" என்று ஒற்றை வரியில் பதில் கிடைத்துவிடுகிறது. அந்த ஒற்றை வரி போதாது என்று நினைப்பவர்களுக்காக இந்தப் பக்கம்.

யார் இவர்? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

1963 ஜனவரி 21 அன்று நைஜீரியாவின் லாகோஸ் நகரில் பிறந்தவர். யொருபா இனக் குடும்பம். பெற்றோருக்கு சிமென்ட் வியாபாரம். 1984 முதல் 2001 வரை ஹூஸ்டன் ராக்கெட்ஸ் அணியில் சென்டர், அதாவது கூடைக்கு அருகே ஆடும் உயரமான வீரர். கடைசி ஒரு சீசன் டொராண்டோ ராப்டர்ஸ். மொத்தம் 18 சீசன், 1,238 ஆட்டங்கள், 26,946 புள்ளிகள், 13,748 ரீபவுண்டுகள் (குறி தவறிய பந்தைக் கைப்பற்றுவது), 3,830 பிளாக்குகள் (எதிராளி எறியும் பந்தைத் தடுப்பது). ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்கு 12 முறை தேர்வானவர். ஜெயித்த கோப்பைகள் இரண்டு. இரண்டிலும் இறுதித் தொடரின் எம்விபி (மிக மதிப்புமிக்க வீரர்) இவர்தான்.

உயரம் 7 அடி என்றுதான் பதிவேட்டில் இருந்தது. உண்மையில் இரண்டு அங்குலம் குறைவு என்பது பரவலான பேச்சு. பக்கத்தில் சான் அன்டோனியோ அணியின் சென்டர் டேவிட் ராபின்சன் நிற்கும் படங்களைப் பார்த்தால் பேச்சில் உண்மை இருப்பதாகத்தான் தோன்றுகிறது.

பதினைந்து வயது வரை கூடைப்பந்தைத் தொட்டதே இல்லை என்பது நிஜமா?

நிஜம்தான். லாகோஸில் அவர் ஆடியது கால்பந்தும் ஹேண்ட்பாலும். கால்பந்தில் கோல்கீப்பர். பதின்வயதின் நடுவில், பள்ளியில் ஆள் தேவைப்பட்டபோதுதான் கூடைப்பந்துக்கு வந்தார். அவ்வளவு உயரமான பையன் வேறு ஏதோ ஆட்டம் ஆடிக்கொண்டிருப்பதைப் பார்த்து எந்தப் பயிற்சியாளருக்கும் கை சும்மா இருக்காது.

தாமதமாக வந்ததை ஒரு குறையாகச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது நேர்மாறாகத் தெரிகிறது. ஆறு வயதிலிருந்தே கூடைப்பந்து ஆடும் உயரமான பிள்ளையை என்ன செய்வார்கள்? கூடைக்கு அடியில் நிறுத்தி, "நீ இங்கேயே நில், பந்து வந்தால் போடு" என்பார்கள். கால் வேலை கற்றுக்கொள்ள அவனுக்கு வாய்ப்பே வராது. ஒலாஜுவன் அந்த வயதில் கோல் கம்பங்களுக்கு நடுவே நின்று, பக்கவாட்டில் அடி எடுத்து வைத்து, அடிப்பவன் எந்தப் பக்கம் திரும்புகிறான் என்று பார்த்துக்கொண்டிருந்தார். ஹேண்ட்பாலில் ஓட்டத்திலேயே பந்தைப் பிடித்து, பொய்யாக ஒரு பக்கம் சாய்ந்து, மறுபக்கம் எறியக் கற்றார். பின்னாளில் அமெரிக்காவே வாய்பிளந்து பார்த்த காலடிகள் அங்கே பழகியவை.

அமெரிக்காவுக்கு எப்படிப் போனார்?

1980-இல் ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். பயிற்சியாளர் கை லூயிஸ். முதல் ஆண்டு போட்டிகளில் இறக்காமல் பயிற்சி மட்டும். உடம்பு ஒல்லி, சில நிமிடம் ஓடினாலே மூச்சு வாங்கும்.

அவரை ஆளாக்கியதில் கல்லூரிக்கு எவ்வளவு பங்கோ, அதே அளவு பங்கு ஹூஸ்டன் நகரின் ஃபான்டி பொழுதுபோக்கு மையத்துக்கும் உண்டு. கோடையில் அங்கே வந்து ஆடியவர்களில் ஒருவர் மோசஸ் மலோன். அன்றைய என்பிஏ-வில் ரீபவுண்ட் எடுப்பதில் அவருக்கு இணை கிடையாது. கல்லூரிப் பையன் என்று தயவு தாட்சண்யம் பார்க்காமல் இடித்துத் தள்ளுவார். ஒலாஜுவன் விழுந்து எழுந்து கற்றுக்கொண்டார். அங்கே ஃபவுல் கேட்டால் யாரும் கொடுக்கமாட்டார்கள்.

கிளைட் டிரெக்ஸ்லரும் அவரும் இருந்த அந்தக் கல்லூரி அணிக்கு, டங்க் அடித்தே (எம்பிக் குதித்துப் பந்தைக் கூடைக்குள் திணித்தே) எதிரியைத் திணறடித்ததால், 'ஃபை ஸ்லாமா ஜாமா' என்று ஒரு பட்டப்பெயர். 1983 கல்லூரி அணிகளின் இறுதிப்போட்டியில் ஹூஸ்டன் ஜெயிப்பது உறுதி என்றே எல்லோரும் எழுதினார்கள். நார்த் கரோலினா ஸ்டேட் அணியின் லொரென்சோ சார்லஸ், சக வீரர் எறிந்து குறி தவறிய பந்தைக் கடைசி நொடியில் பிடித்துக் கூடைக்குள் திணித்தார். 54–52. தோற்ற அணியில் இருந்தும் தொடரின் சிறந்த வீரர் விருது ஒலாஜுவனுக்குக் கிடைத்தது. அடுத்த ஆண்டும் இறுதிக்கு வந்தார். பேட்ரிக் யூயிங்கின் ஜார்ஜ்டவுனிடம் தோற்றார். இந்த யூயிங் கணக்கு பத்து ஆண்டு கழித்துத் தீர்ந்தது.

'தி ட்ரீம்' என்ற செல்லப்பெயர் வந்ததும் கல்லூரியில்தான். பயிற்சியில் அவர் அலட்டிக்கொள்ளாமல் டங்க் அடிப்பதைப் பார்த்து கனவு மாதிரி இருக்கிறது என்றாராம் லூயிஸ்.

1984 டிராஃப்டில் (அணிகள் புதிய வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில்) ஜோர்டனை விட்டுவிட்டு இவரை எடுத்தது ராக்கெட்ஸின் தவறு இல்லையா?

இல்லை. அந்த டிராஃப்டில் கேலிக்கு ஆளானது இரண்டாவது இடத்தில் சாம் போவியை எடுத்த போர்ட்லாந்துதான். நாணயச் சுழற்சியில் ஜெயித்து முதல் இடம் பெற்ற ஹூஸ்டனை இன்று வரை யாரும் குறை சொல்வதில்லை. மூன்றாவதாக ஜோர்டன், ஐந்தாவதாக சார்லஸ் பார்க்லி, பதினாறாவதாக ஜான் ஸ்டாக்டன். இத்தனை பேர் இருந்த வரிசையில் முதலாவதாகப் போய், அது சரியான தேர்வுதான் என்று நாற்பது ஆண்டு கழித்தும் பெயர் எடுப்பது லேசான காரியமில்லை.

முந்தைய சீசனில் 29 வெற்றி பெற்ற ராக்கெட்ஸ், இவர் வந்த சீசனில் 48 வெற்றி பெற்றது.

'இரட்டைக் கோபுரம்' என்கிறார்களே?

ஏழடி நான்கு அங்குல ரால்ஃப் சாம்ப்சனும் ஒலாஜுவனும் ஒன்றாக ஆடிய கூட்டணி. 1986-இல் மேற்கு மண்டல இறுதியில் மேஜிக் ஜான்சன், கரீம் அப்துல்-ஜப்பார் இருந்த லேக்கர்ஸை 4–1 என்று வீழ்த்தினார்கள். ஐந்தாவது ஆட்டத்தில் ஒலாஜுவன் அடிதடியில் இறங்கி வெளியேற்றப்பட்டிருந்தார். ஒரு நொடி மிச்சமிருக்கையில் சாம்ப்சன் காற்றில் உடம்பைத் திருப்பியபடியே எறிந்த பந்து உள்ளே போனது. இறுதித் தொடரில் லாரி பேர்டின் பாஸ்டன் 4–2 என்று ஜெயித்தது.

இனி பத்து வருடம் இவர்கள் ராஜ்ஜியம்தான் என்று எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் சாம்ப்சனின் முழங்கால் ஒத்துழைக்கவில்லை. சக வீரர்கள் லூயிஸ் லாயிட், மிட்செல் விக்கின்ஸ் இருவரும் 1987 ஜனவரியில் போதைப்பொருள் விவகாரத்தில் தடை செய்யப்பட்டார்கள். அதே ஆண்டு டிசம்பரில் சாம்ப்சனையே கோல்டன் ஸ்டேட்டுக்குக் கொடுத்துவிட்டார்கள். கோபுரம் ஒன்றானது.

1987 முதல் 1992 வரை என்ன நடந்தது?

தனி ஆளாகச் சுமந்தார். 1987 பிளேஆஃபில் (சீசன் முடிந்ததும் கோப்பைக்காக நடக்கும் சுற்றுகளில்) சியாட்டிலுக்கு எதிரான ஆறாவது ஆட்டம் ஒன்றே போதும்: 49 புள்ளி, 25 ரீபவுண்ட், இரண்டு கூடுதல் நேரம், கடைசியில் தோல்வி. அடுத்த நான்கு ஆண்டும் முதல் சுற்றோடு சரி. 1992-இல் பிளேஆஃபுக்கே போகவில்லை.

அந்த நாள் ஒலாஜுவனைப் புனிதராக்க வேண்டியதில்லை. முன்கோபக்காரர். நடுவர்களோடு மல்லுக்கு நிற்பார். இரண்டு மூன்று பேர் சூழ்ந்தாலும் பந்தை வெளியே கொடுக்க மனசு வராது. 1992-இல் தொடைத் தசை வலி என்று அவர் ஆடாமல் இருக்க, அது ஒப்பந்தப் பேரத்துக்கான நடிப்பு என்று நிர்வாகம் சொல்லி அவரை இடைநீக்கம் செய்தது. என்னை வேறு அணிக்கு அனுப்பிவிடுங்கள் என்றார் அவர். அன்று யாராவது நல்ல விலை கொடுத்திருந்தால் இந்தப் பக்கத்தின் பாதி எழுதப்பட்டிருக்காது. பயிற்சியாளராக ரூடி டாம்ஜனோவிச் வந்தார். ஒலாஜுவனைக் கூடையருகே நிறுத்தி, சுற்றிலும் தூரத்திலிருந்து எறியும் ஆட்களைப் பரப்பினார். இரண்டு பேர் அவர் மேல் பாய்ந்தால் யாரோ ஒருவர் தனியாக நிற்பார். பந்தைக் கொடுக்க ஒலாஜுவன் கற்றுக்கொண்டது அப்போதுதான்.

அகீம் என்ற பெயர் ஹக்கீம் ஆனது ஏன்?

1991-இல் தன் பெயரின் சரியான எழுத்து இதுதான் என்று அவரே திருத்திக்கொண்டார். அந்த ஆண்டுகளில் இஸ்லாமிய மார்க்கத்தின் பக்கம் முழுமையாகத் திரும்பியிருந்தார், தொழுகை தவறாது. அந்த நிதானம் ஆட்டத்திலும் தெரிந்தது என்பது கூட ஆடியவர்கள் சொன்னது.

ரமலான் நோன்போடு என்பிஏ ஆட்டம் ஆடினாரா?

ஆடினார். 1995-இல் ரமலான் பிப்ரவரி மாதத்தில் வந்தது. இரவு ஆட்டங்கள் பரவாயில்லை. சூரியன் மறைந்ததும் நோன்பு திறந்துவிட்டுக் களமிறங்கலாம். சிக்கல் ஞாயிறு பகல் ஆட்டங்களில்தான். சஹரில் (விடியலுக்கு முந்தைய உணவில்) பேரீச்சம்பழமும் தண்ணீரும் எடுத்துக்கொண்டதோடு சரி, டைம்-அவுட்டில் மற்றவர்கள் புட்டி புட்டியாகக் குடிக்க, இவர் வாயைக்கூட நனைக்காமல் உட்கார்ந்திருப்பார். அந்த பிப்ரவரியில் என்பிஏ-வின் 'மாதத்தின் சிறந்த வீரர்' யார் என்று பார்த்தால் ஒலாஜுவன். நோன்பு வைத்தால் உடம்பு இலேசாகிறது என்று சொல்வார். களத்தில் அவரைத் தடுக்க நின்ற எதிரணியினருக்கு அது நல்ல செய்தியாக இருந்திருக்காது.

'ட்ரீம் ஷேக்' என்றால் என்ன?

ஒரே அசைவுக்கான பெயர் அல்ல, ஒரு குடும்பத்துக்கான பெயர். கூடைக்கு முதுகு காட்டி, ஓரத்தில் பந்தை வாங்குவார். தோளை ஒரு பக்கம் குலுக்குவார். அவரைத் தடுக்க நிற்கும் காவல்காரர் அந்தப் பக்கம் எடை மாற்றிய கணத்தில் மறுபக்கம் சுழன்றுவிடுவார். காவல்காரர் ஏமாறாமல் கூடவே வந்தால், எறிவதுபோல் பந்தைத் தலைக்கு மேல் உயர்த்துவார். அவர் குதித்தால் அடியில் நுழைந்து போடுவார். குதிக்கவில்லை என்றால் உயர்த்திய பந்தை அப்படியே பின்னால் சாய்ந்து எறிந்துவிடுவார். அதாவது எதிராளி எதைச் செய்தாலும் அதற்குப் பதில் தயார். தேர்ந்த கபடி வீரர் ரெய்டில் கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று காலை நீட்டி நீட்டி இழுத்து, யார் முதலில் பாய்கிறார் என்று பார்ப்பாரே, அந்த மாதிரி.

உயரமானவர்கள் இதைச் செய்யத் தடை உயரமே. ஈர்ப்பு மையம் மேலே இருப்பதால் சட்டென்று திரும்பினால் நிலை தடுமாறும். ஒலாஜுவன் முழங்காலை நன்றாக மடித்து, ஊன்றிய காலின் முன்பாதத்தில் நின்று சுழல்வார். வீடியோவில் பந்தைப் பார்க்காமல் ஷூவை மட்டும் பாருங்கள், புரிந்துவிடும்.

1994 கோப்பை எப்படி வந்தது?

சீசனின் முதல் 15 ஆட்டங்களையும் ஜெயித்துத் தொடங்கினார்கள். பிளேஆஃபில் ஃபீனிக்ஸிடம் சொந்த ஊரிலேயே முதல் இரண்டு ஆட்டங்களைத் தோற்றபோது (இரண்டாவதில் 20 புள்ளி முன்னிலையைக் கோட்டைவிட்டு), உள்ளூர்ப் பத்திரிகையே 'சோக் சிட்டி' (நெருக்கடியில் திணறும் ஊர்) என்று தலைப்பு போட்டது. தொடரை மீட்டு ஜெயித்த பிறகு அந்த ஊரே தன்னை 'கிளட்ச் சிட்டி' (நெருக்கடியில் சாதிக்கும் ஊர்) என்று அழைத்துக்கொண்டது.

இறுதியில் யூயிங்கின் நியூயார்க் நிக்ஸ். ஏழு ஆட்டத்திலும் ஒரு அணிகூட நூறைத் தொடவில்லை. அவ்வளவு முரட்டுத் தடுப்பாட்டம். ஆறாவது ஆட்டத்தில் நிக்ஸ் ஜெயித்தால் கோப்பை அவர்களுக்கு. ஹூஸ்டன் 86–84. கடைசி நொடிகளில், அன்றைக்குக் கை நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஜான் ஸ்டார்க்ஸிடம் பந்து. ஸ்டார்க்ஸைத் தடுக்க நின்றவரின் வழியை மறித்து யூயிங் திரை போட, ஒலாஜுவன் யூயிங்கை விட்டுவிட்டு வெளியே பாய்ந்தார். ஸ்டார்க்ஸ் மூன்று புள்ளிக்கு எறிந்த பந்தில் ஒலாஜுவனின் விரல் நுனி பட்டது. அது கூடை வரைக்கும் போகவில்லை. ஒரு சென்டர் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே வந்து வெளியே நின்று ஆடும் ஒரு கார்டின் எறியைத் தடுப்பது இன்றைக்கே பாராட்டுக்குரியது. அன்று அது யாருடைய வேலைப் பட்டியலிலும் இல்லை. ஏழாவது ஆட்டம் 90–84. ஏழிலும் யூயிங்கைவிட ஒலாஜுவன்தான் அதிகப் புள்ளி எடுத்தார்.

அந்த ஒரே சீசனில் லீக் எம்விபி, சிறந்த தடுப்பாட்டக்காரர், இறுதித் தொடர் எம்விபி மூன்றையும் வாங்கினார். ஒரே சீசனில் இந்த மூன்றையும் வாங்கிய வேறு ஆள் அதற்கு முன்பு கிடையாது.

1995 கோப்பை அதைவிடப் பெரியது என்கிறார்களே?

நானும் அந்தக் கட்சிதான். அந்த சீசன் ராக்கெட்ஸ் தடுமாறியது. நடுவில் பழைய கல்லூரித் தோழர் டிரெக்ஸ்லரை வாங்கினார்கள். 47 வெற்றியோடு மேற்கில் ஆறாவது இடம். எந்தத் தொடரிலும் சொந்த மைதானச் சலுகை இல்லை. முதலில் 60 வெற்றி பெற்ற யூட்டா. அடுத்து 59 வெற்றி பெற்ற ஃபீனிக்ஸ். 1–3 என்று பின்தங்கி, ஏழாவது ஆட்டத்தில் மாரியோ எலி மூலையிலிருந்து எறிந்த பந்தில் ஒரே புள்ளியில் தப்பினார்கள்.

பிறகு 62 வெற்றி பெற்ற சான் அன்டோனியோ. அந்த ஆண்டின் எம்விபி டேவிட் ராபின்சன். இரண்டாவது ஆட்டத்துக்கு முன் சான் அன்டோனியோ அரங்கில் அவருக்கு விருதைக் கொடுத்தார்கள். ஒலாஜுவன் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அன்று இரவு 41 புள்ளி. சுழல்கிறார், உயர்த்துகிறார், ராபின்சன் குதிக்கிறார், அடியில் நுழைந்து போடுகிறார். இன்றும் சுற்றும் அந்த வீடியோத் துண்டு அந்த இரவினுடையது. ராபின்சன் மோசமான தடுப்பாட்டக்காரர் அல்ல, அந்தத் தலைமுறையின் மிகச் சிறந்தவர்களில் ஒருவர். அதனால்தான் அது இவ்வளவு பேசப்படுகிறது. தொடர் முழுக்க ஒலாஜுவனின் சராசரி 35.3.

இறுதியில் இளம் ஷகீல் ஓ'நீலின் ஆர்லாண்டோவை 4–0. முதல் ஆட்டத்தில் ஆர்லாண்டோவின் நிக் ஆண்டர்சன் கடைசியில் அடுத்தடுத்து நான்கு ஃப்ரீ த்ரோ (யாரும் தடுக்காத இலவச எறி) தவறவிட்டார். கூடுதல் நேரத்தில் ஒலாஜுவன் பந்தைத் தட்டி உள்ளே போட்டபோது கடிகாரத்தில் 0.3 நொடி. ஆறாவது இடத்திலிருந்து வந்து கோப்பை வாங்கிய ஒரே அணி இன்றும் இதுதான்.

ஜோர்டன் இருந்திருந்தால் இந்தக் கோப்பைகள் கிடைத்திருக்குமா?

1993–94 முழுக்க ஜோர்டன் இல்லை, உண்மை. ஆனால் 1995 மார்ச்சில் திரும்பிவிட்டார். பிளேஆஃபில் அவரது சிகாகோ 4–2 என்று ஆர்லாண்டோவிடம் தோற்றது. அந்த ஆர்லாண்டோவைத்தான் ஹூஸ்டன் ஒரு ஆட்டம்கூட விடாமல் துடைத்தது. நீண்ட ஓய்வுக்குப் பிறகு வந்த ஜோர்டன் பழைய ஜோர்டன் இல்லை என்று சொல்லலாம், அதிலும் நியாயம் உண்டு. ஆனால் சிகாகோவின் பலவீனம் அன்று சென்டர் இடம். ஒலாஜுவனை யார் தடுத்திருப்பார்கள் என்ற கேள்விக்கு ஜோர்டன் ரசிகர்களிடமிருந்து உருப்படியான பதில் இதுவரை எனக்குக் கிடைக்கவில்லை. இருவரும் இறுதித் தொடரில் சந்திக்கவே இல்லை என்பது இரண்டு பக்கமும் இழப்பு.

நான்கு பிரிவிலும் இரட்டை இலக்கம் எடுத்தாராமே?

1990 மார்ச் 29, மில்வாக்கிக்கு எதிராக: 18 புள்ளி, 16 ரீபவுண்ட், 10 அசிஸ்ட் (சக வீரர் கூடை போட உதவிய பாஸ்), 11 பிளாக். என்பிஏ வரலாற்றில் இது நான்கே பேர் செய்தது. நேட் தர்மண்ட், ஆல்வின் ராபர்ட்சன், டேவிட் ராபின்சன் மற்ற மூவர். இதில் ஒரு வேடிக்கை: அதே மாதத் தொடக்கத்தில் கோல்டன் ஸ்டேட்டுக்கு எதிராகவும் எடுத்ததாகத்தான் முதலில் அறிவித்தார்கள். ஆட்டம் முடிந்த பிறகு வீடியோ பார்த்து ஹூஸ்டன் தரப்பு ஒரு அசிஸ்டைக் கூட்ட, லீக் அதைச் செல்லாது என்றது. அதே மாதம் முடிவதற்குள் சந்தேகத்துக்கு இடமில்லாமல் எடுத்துக் காட்டிவிட்டார்.

பிளாக் சாதனையை யாராவது முறியடிப்பார்களா?

3,830 இப்போதைக்குப் பத்திரமாக இருக்கிறது. ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: 1973–74 முதல்தான் பிளாக்கைக் கணக்கெடுத்தார்கள். பில் ரஸ்ஸல், வில்ட் சேம்பர்லைன் தடுத்தவை எந்த ஏட்டிலும் இல்லை. அவற்றை எண்ணியிருந்தால் ஒலாஜுவன் முதலிடத்தில் இருப்பாரா என்பது சந்தேகமே. எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது, 2,000-க்கு மேல் ஸ்டீலும் (எதிராளியிடமிருந்து பந்தைப் பறிப்பது) 3,000-க்கு மேல் பிளாக்கும் எடுத்த ஒரே ஆள் இவர் என்பது. ஸ்டீல் என்பது குள்ளர்கள் வேலை என்று நினைத்த காலத்தில். 2022 முதல் ஆண்டின் சிறந்த தடுப்பாட்டக்காரருக்கான கோப்பைக்கு இவர் பெயர்.

ஒலிம்பிக்கில் எந்த நாட்டுக்கு ஆடினார்?

அமெரிக்காவுக்கு. 1993-இல் குடியுரிமை பெற்றார். இளம் வயதில் நைஜீரியாவுக்காக ஆடியிருந்ததால் சிறப்பு அனுமதி தேவைப்பட்டது. 1996 அட்லாண்டாவில் தங்கம்.

விலை குறைந்த ஷூ விற்ற கதை?

நட்சத்திர வீரர்களின் ஷூ 100 டாலரைத் தாண்டிய நாட்களில், ஸ்பால்டிங் நிறுவனத்தோடு சேர்ந்து சுமார் 35 டாலருக்குத் தன் பெயரில் ஷூ கொண்டுவந்தார். கூலி வேலை பார்க்கும் தாய் மூன்று பிள்ளைகளுக்கு 100 டாலர் ஷூ எப்படி வாங்குவாள் என்பது அவர் கேள்வி. ஷூ பெரிதாக ஓடவில்லை. மலிவான ஷூ போட்டால் பள்ளியில் கௌரவம் குறைவு என்று பிள்ளைகள் நினைத்திருப்பார்கள்.

டொராண்டோவுக்கு ஏன் போனார்?

2001-இல் ஹூஸ்டனோடு ஒப்பந்தம் படியவில்லை. 61 ஆட்டம், சராசரி 7.1 புள்ளி, முதுகு வலி, 2002-இல் ஓய்வு. மறக்கலாம். அதே ஆண்டு நவம்பரில் ஹூஸ்டன் அவரது 34-ஆம் எண்ணை இனி யாருக்கும் தருவதில்லை என்று ஓய்வுபெறச் செய்தது. கூடைப்பந்தின் புகழ் மண்டபமான ஹால் ஆஃப் ஃபேமில் 2008-இல் சேர்ந்தார், கூடவே யூயிங்கும்.

இப்போது என்ன செய்கிறார்?

ஹூஸ்டனில் நிலம், கட்டடம் வாங்கி விற்கும் தொழில். வட்டி ஹராம் என்பதால் கடன் வாங்காமல், ரொக்கம் கொடுத்தே வாங்குவார். நகர மையத்தில் பழைய வங்கிக் கட்டடம் ஒன்றை வாங்கிப் பள்ளிவாசலாக மாற்றினார். ஓய்வுக்குப் பிறகு ஜோர்டான் நாட்டிலும் பல காலம் வாழ்ந்தார். மகள் அபி ஒலாஜுவனும் அமெரிக்கப் பெண்கள் லீக்கில் ஆடியவர்.

கோடைகளில் பாடமும் எடுத்தார். 2009-இல் கோபி பிரயன்ட் வந்தார். 2011 இறுதித் தொடரில் தோற்ற கையோடு லெப்ரான் ஜேம்ஸ் வந்தார். இருவருமே சென்டர் அல்ல. கூடைக்கு முதுகு காட்டி ஆடுவதைக் கற்க அவர்கள் தேடி வந்தது இவரைத்தான்.

எந்த ஆட்டத்திலிருந்து பார்க்கத் தொடங்கலாம்?

1995 மேற்கு மண்டல இறுதியின் இரண்டாவது ஆட்டம். துண்டு வீடியோவாக இல்லாமல் முழுசாகப் பாருங்கள், ஏனென்றால் முதல் பாதியில் அவர் காட்டும் சாதாரண எறிகளால்தான் இரண்டாம் பாதியில் ராபின்சன் ஒவ்வொரு போலிக்கும் குதிக்கிறார். அது பிடித்திருந்தால் 1994 இறுதியின் ஆறாவது ஆட்டம். 1987 சியாட்டில் ஆட்டத்தைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கூடுதல் நேரம் என்பதால் நேரம் பிடிக்கும்.